முதல் வாரம் டிஸ்க் காலியாகவே இருக்கட்டும்

ஆரணியில் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. முந்தானையைத் திருப்பிப் பார்ப்பார்கள். சரிகையை நெருடிப் பார்ப்பார்கள். சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேட்பார்கள். சந்தேகம் தீராதவர்கள் ஓரத்தில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுவார்கள். முடி பொசுங்கிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது பட்டு. உருகி, மணி போல உருண்டு இறுகினால் அது வேறு ஏதோ.

அதே கல்யாணத்துக்கு அதே குடும்பம் இன்னொரு பொருளும் வாங்குகிறது. "வீடியோ முழுசா வேணும்னா ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கிக் கொடுத்துடுங்க" என்கிறார் ஸ்டுடியோக்காரர். வந்தவாசியிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் வேலை கெடும். அதனால் பெரும்பாலும் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். பெட்டி வந்த அன்று சாயங்காலமே ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். அன்று இரவே மொத்த வீடியோவும் அதில் ஏறுகிறது. அடுத்த முகூர்த்தத்துக்காக கேமராவின் மெமரி கார்டு அழிக்கப்படுகிறது.

அந்த நிமிடத்திலிருந்து, தாலி கட்டிய காட்சி உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. யாரும் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காத ஒரு பெட்டிக்குள்.

புடவை போலியாக இருந்தால் போனது பணம். டிஸ்க் போலியாக இருந்தால் போவது பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாத ஒன்று. ஆனாலும் இழை எரித்துப் பார்க்கிற எச்சரிக்கை டிஸ்க் விஷயத்தில் நம்மிடம் இல்லை. எப்படிப் பார்ப்பது என்று தெரியாததுதான் காரணம். தெரிந்துகொண்டால் அது புடவை சோதிப்பதைவிடக் கஷ்டமில்லை. ஒரு லேப்டாப்பும் இரண்டு இலவச மென்பொருளும் ஓர் இரவும் போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று: இது அசலா? அதாவது, பெட்டியில் எழுதியிருக்கும் கம்பெனியின், எழுதியிருக்கும் அளவுள்ள, புதுப் பொருள்தானா? இரண்டு: இது ஆரோக்கியமாக இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. அசல் டிஸ்க்கும் கூரியரில் அடிபட்டு நோயாளியாக வந்து சேரலாம். நன்றாக ஓடுகிற டிஸ்க் ஐந்து வருடம் ஓடிய பழையதாகவும் இருக்கலாம்.

பழசு புதுசானது எப்படி?

"நமக்கெல்லாம் அப்படி நடக்காது" என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸே என்ற தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. கடைகளில் புதிது என்று சொல்லி விற்கப்பட்ட சீகேட் கம்பெனியின் பெரிய ஹார்டு டிஸ்க்குகள் சில, உண்மையில் 15,000 மணி முதல் 50,000 மணி நேரம் வரை ஓடியவை. 50,000 மணி என்றால் இரவு பகல் நிற்காமல் ஐந்தரை ஆண்டுக்கும் மேல். தெருவோரக் கடையில் வாங்கியவர்கள் மட்டுமல்ல, பேர் பெற்ற கடைகளில் வாங்கியவர்களும் ஏமாந்திருந்தார்கள்.

அத்தனை பழைய டிஸ்க்குகள் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி சீனாவில் 'சியா' என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓட்டப்பட்டவையாக இருக்கலாம் என்று செய்திகள் கூறின. பிட்காயினுக்குக் கணக்குப் போடும் வேகம் தேவை. 2021-இல் புழக்கத்துக்கு வந்த சியாவுக்குத் தேவை டிஸ்க்கில் இடம். அதற்காக ஆயிரக்கணக்கில் டிஸ்க்குகளை வாங்கி அடுக்கினார்கள். நாணயத்தின் விலை விழுந்ததும் அடுக்கியதெல்லாம் சந்தைக்கு வந்தது.

ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் 'ஸ்மார்ட்' என்றொரு பதிவேடு உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை ஆன் செய்யப்பட்டது, எத்தனை இடங்கள் பழுதாயின என்று டிஸ்க்கே எழுதி வைத்துக்கொள்ளும். விற்றவர்கள் அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். பழைய காரின் மீட்டரைத் திருப்பி வைப்பது போல. ஆனால் சீகேட் டிஸ்க்குகளில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவேடும் இருக்கிறது. அதைத் திருத்த மறந்துவிட்டார்கள். குட்டு உடைந்தது அப்படித்தான். தவறான லேபிளோடு வந்த அந்த டிஸ்க்குகளைத் தாங்கள் கடைகளுக்கு அனுப்பவில்லை என்றது சீகேட். அதன் பிறகு ஃபார்ம் பதிவேட்டையும் திருத்திய டிஸ்க்குகள் தலைகாட்டியதாகச் செய்தி வந்தது.

சில மாதங்களில், மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் சீகேட்டின் ஆட்களும் அரசு அதிகாரிகளும் சோதனை நடத்தினார்கள். சுமார் 700 சீகேட் டிஸ்க்குகள் சிக்கின. பழைய டிஸ்க்கைத் துடைத்து, கணக்கை அழித்து, புது லேபிள் ஒட்டி, ஆசிய நாடுகளில் பிரபலமான ஆன்லைன் சந்தைகளில் விற்றிருக்கிறார்கள்.

தில்லி நீதிமன்றம் சொன்னது

இந்தியாவுக்கு இது புதிய கதையும் இல்லை. சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் இங்குள்ள சில நிறுவனங்களின் மேல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. ஆயுள் முடிந்து கழிக்கப்பட்ட டிஸ்க்குகளை வெளிநாட்டிலிருந்து இறக்கி, எங்கள் பெயரை நீக்கிவிட்டு, தங்கள் பெயரை ஒட்டி, வாரன்டியும் கொடுத்து விற்கிறார்கள் என்பது புகார்.

2024 மே மாதம் நீதிபதி அனிஷ் தயாள் தீர்ப்பளித்தார். பழையதைச் சீர்படுத்தி விற்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் வாங்குகிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. முதலில் தயாரித்தது யார் என்பதும், தயாரித்தவரின் வாரன்டி இதற்குக் கிடையாது என்பதும், இது பயன்படுத்திச் சீர்படுத்திய பொருள் என்பதும் பெட்டியின் மேலேயே தெரிய வேண்டும். விளம்பரத்திலும் இணையதளத்திலும்கூட அப்படித்தான்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். முதலாவது: பழைய டிஸ்க் விற்பது குற்றமில்லை, பழையது என்பதை மறைத்து விற்பதுதான் தவறு. விலை குறைவு என்று தெரிந்தே சீர்படுத்தியதை வாங்கி, முக்கியமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம். சுழலும் தகடு உள்ள ஹார்டு டிஸ்க்கை இன்று உலகத்தில் தயாரிப்பது மூன்றே கம்பெனிகள்தான். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்று. பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியின் ஹார்டு டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், அது எங்கே பிறந்து எங்கே வாழ்ந்து இங்கே வந்தது என்று கேட்டாக வேண்டும்.

வாங்கும் முன்பே சில கணக்குகள்

சில போலிகளைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரே வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கில் இதுவரை வந்த அதிகபட்ச அளவு 6 டெராபைட். அதே அளவுப் பெட்டியில் '16 டெராபைட், 1,500 ரூபாய்' என்று விளம்பரம் வந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். அந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது ஒரு சின்ன மெமரி கார்டையோ பென் டிரைவையோதான். கையில் கனம் தெரிய வேண்டும் என்பதற்காக இரும்புத் துண்டை ஒட்டி வைத்ததும் உண்டு.

ஆன்லைனில் வாங்கும்போது தளத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. விற்பவர் யார் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். ஒரே தளத்தில் நூறு பேர் கடை விரித்திருப்பார்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பாருங்கள். பொருளுக்குப் பொருள் இது மாறும். 7 நாளோ 10 நாளோ, அந்த அவகாசம்தான் உங்கள் கையில் உள்ள ஒரே ஆயுதம்.

நேரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார்.

பெட்டி வந்ததும்

பிரிப்பதற்கு முன்பே செல்போன் கேமராவை ஆன் செய்துவிடுங்கள். ஒட்டுத்தாள் கிழியாமல் இருப்பதிலிருந்து டிஸ்க் வெளியே வருவது வரை ஒரே வீடியோவாக இருக்கட்டும். பின்னால் தகராறு என்று வந்தால் அது பேசும்.

இறக்குமதிப் பொருளாக இருந்தால், பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு, புகார் எண் இவையெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி கட்டாயம். அப்படியொரு ஒட்டு இல்லையென்றால் அது வேறு நாட்டுச் சந்தைக்குப் போக வேண்டிய பொருளாக இருக்கலாம். இங்கே வாரன்டி கேட்டால் கை விரித்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் டிஸ்க் என்றால், கேபிள் மாட்டும் இடத்தின் தங்க நிறத் தகடுகளைப் பாருங்கள். அங்கே கீறல் இருந்தால் ஏற்கெனவே யாரோ செருகிக் கழற்றியிருக்கிறார்கள். திருகு முடுக்கும் துளைகளில் தேய்மானம், ஓரத்தில் நசுங்கல், லேபிளுக்கு அடியில் பழைய பசை என இவை எல்லாமே சாட்சிகள்.

அடுத்தது சீரியல் எண். பெட்டியில் இருப்பதும் டிஸ்க்கின் மேல் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் 'வாரன்டி செக்' பக்கத்துக்குப் போய் எண்ணை அடியுங்கள். இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். பெட்டியில் கொடுத்திருக்கும் இணைப்பை நம்ப வேண்டாம், போலிப் பெட்டியில் போலி இணைப்பும் இருக்கலாம்.

பதில் மூன்று விதமாக வரும். வாரன்டி இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கிறது, மாடலும் அளவும் ஒத்துப்போகின்றன என்று வந்தால் நல்லது. கடைசித் தேதியில் சில மாதங்கள் குறைந்தால் பயப்பட வேண்டாம். கம்பெனியிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து கணக்கு வைத்திருப்பார்கள், பில்லைக் காட்டினால் திருத்தச் சொல்லலாம். ஆனால் வாரன்டி முடிந்துவிட்டது என்றோ, வேறு மாடல் பெயரோ வந்தால், சோதனை அங்கேயே முடிந்தது. திருப்பி அனுப்புங்கள். மூன்றாவது, 'இது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்தது, விற்றவரிடமே கேளுங்கள்' என்று வரலாம். போலி இல்லை, ஆனால் உங்களுக்கு நேரடி வாரன்டி கிடையாது. வாரன்டி உண்டு என்று சொல்லி விற்றிருந்தால் அதுவும் ஏமாற்றுதான்.

டிஸ்க்கின் சொந்த டைரி

இனி லேப்டாப் வேண்டும். செல்போனில் செருகிப் பார்த்தால் இந்த விவரங்கள் தெரியாது. வீட்டில் இல்லையென்றால் கல்லூரியில் படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்கலாம், பிரவுசிங் சென்டரில் கேட்கலாம்.

விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க்கைச் செருகி அதைத் திறந்தால், மேலே பெரிய எழுத்தில் நீலத்தில் 'குட்', மஞ்சளில் 'காஷன்', சிவப்பில் 'பேட்' என்று ஏதாவது ஒன்று தெரியும். நீலம் தெரிந்ததும் மூடிவிடாதீர்கள். ஐந்து எண்களைப் பாருங்கள்.

'பவர் ஆன் ஹவர்ஸ்': டிஸ்க் ஓடிய மொத்த மணி. புதியதில் 0 அல்லது ஒற்றை இலக்கம் இருக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது புதியதல்ல.

'பவர் ஆன் கவுண்ட்': எத்தனை முறை ஆன் செய்யப்பட்டது. இதுவும் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்க வேண்டும். மணிக்கணக்கு 0 என்றும் இது 400 என்றும் இருந்தால், மீட்டரைத் திருப்பியவர் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

05 என்ற வரி: பழுதாகி, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. புடவையில் இழை அறுந்து தைத்த இடம் மாதிரி. புது டிஸ்க்கில் தையல் எதற்கு? 0 தவிர வேறு எது இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

சி5 என்ற வரி: படிக்கத் திணறி, 'பிறகு பார்ப்போம்' என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கும் பகுதிகள். சி6 என்ற வரி: படிக்கவே முடியாமல் போனவை. இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும்.

இந்த மென்பொருளில் ஒரு சின்னப் பொறி உண்டு. கீழே பட்டியலில் வரும் 'ரா வேல்யூஸ்' எண்கள் நாம் எண்ணும் முறையில் இல்லாமல் பதினாறின் அடுக்குகளாக வரும். அங்கே 10 என்று தெரிந்தால் உண்மையில் 16. 64 என்று தெரிந்தால் உண்மையில் 100. 'ஃபங்ஷன்' மெனுவுக்குள் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்' போய், 'ரா வேல்யூஸ்' என்பதைப் பத்தின் அடுக்குக்கு மாற்றிக்கொண்டால் குழப்பமில்லை.

சி7 என்றும் ஒரு வரி இருக்கலாம். அது ஏறினால் குற்றம் பெரும்பாலும் கேபிளில்தான். வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். டிஸ்க் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கொடுத்தாலும், முதலில் வேறு யூ.எஸ்.பி. துளையில் செருகிப் பாருங்கள். மின்சாரம் போதாமலும் அப்படிச் செய்யும். எல்லாத் துளையிலும் தட்டினால் டிஸ்க்தான் குற்றவாளி.

மேலே தெரியும் சீரியல் எண், பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். சில எக்ஸ்டர்னல் மாடல்களில் வெளிப்பெட்டியின் எண்ணும் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் எண்ணும் வேறாக இருக்கலாம். அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம்.

சீகேட்டின் பெரிய டிஸ்க் வாங்கியவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஜெர்மனியில் குட்டை உடைத்த அந்த ஃபார்ம் பதிவேட்டை, 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து படித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். ஸ்மார்ட் சொல்லும் மணியும் ஃபார்ம் சொல்லும் மணியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

நிரப்பிப் பார்த்தால்தான் தெரியும்

டைரியைத் திருத்தலாம். இடத்தைத் திருத்த முடியாது. அதனால் கடைசிச் சோதனைதான் எல்லாவற்றிலும் உறுதியானது. டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படிப்பது.

போலி டிஸ்க் ஏமாற்றும் விதம் சாமர்த்தியமானது. உள்ளே இருப்பது 64 கிகாபைட். ஆனால் அதன் சிப், கம்ப்யூட்டரிடம் '2 டெராபைட்' என்று பொய் சொல்லும். முதல் 64 கிகாபைட் வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் வருவதைப் பழையதன் மேலேயே எழுதும், அல்லது வாங்கிக் கீழே போட்டுவிடும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் பத்திரமாக இருக்கும். அதனால் பார்த்தால் எல்லாம் ஏறியது போலவே தெரியும். ஆறு மாதம் கழித்து, ஊரிலிருந்து வந்த அத்தைக்குக் காட்டலாம் என்று திறந்தால்தான் வீடியோ ஓடாது. அதற்குள் திருப்பி அனுப்பும் அவகாசமும் போயிருக்கும், மெமரி கார்டும் அழிந்திருக்கும்.

இதைப் பிடிக்க 'எச்2 டெஸ்ட் டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெர்மனியின் 'சிடி' கம்ப்யூட்டர் பத்திரிகைக்காக எழுதப்பட்டது. திறந்ததும் ஜெர்மன் மொழியைக் கண்டு மிரள வேண்டாம், பக்கத்திலேயே ஆங்கிலம் தேர்ந்தெடுக்கலாம். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'ரைட் அண்டு வெரிஃபை' அழுத்தினால், ஒவ்வொரு கிகாபைட்டாகக் கோப்புகளை எழுதிக்கொண்டே போகும். முழுவதும் நிரம்பிய பிறகு முதலிலிருந்து படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். பிழை இல்லை என்று வந்தால் இரண்டு கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைத்துவிடும்: இடம் உண்மை, அந்த இடம் முழுவதும் எழுதவும் படிக்கவும் தகுதியாக இருக்கிறது. மேக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸிலும் இதே வேலையை 'எஃப்3' என்ற மென்பொருள் செய்யும்.

நேரம் ஆகும். ஒரு டெராபைட் போர்ட்டபிள் டிஸ்க்குக்கு, வேகமான யூ.எஸ்.பி. 3 துளையில் எழுத மூன்று மணி, படிக்க மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தத் துளையின் உள்ளே நீல நிறம் இருக்கும். பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் செருகிவிட்டால் ஒரு நாள் போய்விடும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவதே வழி. லேப்டாப் தானாகத் தூங்காதபடி அமைப்பை மாற்றி, சார்ஜரைச் செருகி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

டிஸ்க் சுற்றும்போது அதன் ஊசிமுனை தகட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் பறந்துகொண்டிருக்கும். அதனால் சோதனை முடியும் வரை மேசையில் அசையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் கேபிளைத் தட்டிவிடாத மூலையாகப் பாருங்கள். மென்பொருள் எழுதிய கோப்புகளை முடிந்ததும் அழித்துவிடலாம்.

எல்லாம் முடிந்த பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை மறுபடி ஒருமுறை திறந்து 05, சி5, சி6 மூன்றையும் பாருங்கள். சும்மா இருந்தபோது 0 காட்டிய டிஸ்க், வேலை வாங்கிய பிறகு 8, 16 என்று காட்டினால் அதன் சுயரூபம் இப்போதுதான் தெரிந்திருக்கிறது. இந்தச் சோதனையின் முழுப் பயனும் இந்தக் கடைசிப் பார்வையில்தான் இருக்கிறது.

இதற்குப் பயப்பட வேண்டாம்

1 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க் கம்ப்யூட்டரில் 931 கிகாபைட் என்று காட்டும். 2 டெராபைட் 1.81 என்று காட்டும். இது ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இரண்டு படியால் ஒரே நெல்லை அளந்தது போலத்தான்.

எஸ்.எஸ்.டி. வாங்கியவர்களும் இதே வரிசையில் போகலாம். 05, சி5 வரிகளுக்குப் பதிலாக, இதுவரை எழுதப்பட்ட மொத்த அளவும் மீதமிருக்கும் ஆயுள் சதவீதமும் தெரியும். புதியதில் ஆயுள் 100 சதவீதம் இருக்க வேண்டும். பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் இந்த டைரி பொதுவாகத் தெரியாது. அவற்றை நிரப்பிப் பார்ப்பது ஒன்றே வழி.

தவறிப்போனால்

சோதனையில் தோற்ற டிஸ்க்கைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஃபார்மட் செய்தால் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். திரையில் தெரிந்ததைப் படம் எடுத்து, அவகாசம் முடிவதற்குள் திருப்பிக் கொடுங்கள்.

விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் தில்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வந்தவாசிக்காரருக்குத் திருவண்ணாமலை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், பெட்டி பிரித்த வீடியோ, திரைப் படங்கள் மூன்றும் இருந்தால் உங்கள் பக்கம் பலம்.

தேறிய டிஸ்க்கும் சாகும்

சோதனையில் தேறிவிட்டது என்றால் நிம்மதியாக ஏற்றலாம். ஆனால் ஒரு உண்மையை மறக்கக் கூடாது. 2007-இல் கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டது. தகட்டைத் தானாகச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்றது. அதனால்தான் புது டிஸ்க்கில் ஒரு பழுதைக்கூடப் பொறுக்கக் கூடாது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்தன.

ஆகவே கல்யாண வீடியோ ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கக் கூடாது. அது எவ்வளவு நல்ல டிஸ்க்காக இருந்தாலும். பீட்டர் கிராக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 விதி எளிமையானது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். பெண் வீட்டில் ஒன்று, மாப்பிள்ளை வீட்டில் ஒன்று என்று வைத்தாலே பாதி விதி நிறைவேறிவிடும். முக்கியமான நூறு புகைப்படங்களை மட்டும் இணையச் சேமிப்பில் ஏற்றினால் மீதியும் முடிந்தது. ஸ்டுடியோக்காரரிடம், "நாங்க ஒரு தடவை முழுசா ஓட்டிப் பார்த்துச் சொல்றவரைக்கும் கார்டை அழிக்காதீங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும் தயங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. சோதனை முடிந்த தேதியையும், அன்று தெரிந்த மணிக்கணக்கையும், 05, சி5, சி6 எண்களையும் பில்லின் பின்பக்கம் எழுதி, பில்லைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை எடுத்துப் பார்க்கும்போது பக்கத்தில் புது எண்களை எழுதுங்கள். எண்கள் அசையாதவரை கவலையில்லை. அந்த மூன்றில் ஒன்று நகர ஆரம்பித்த அன்றைக்கே புது டிஸ்க் வாங்கிவிடுங்கள். அதையும் முதல் வாரம் காலியாகவே வைத்துச் சோதியுங்கள்.